ஆடித் திருவிழா தெருமேடை: கிட்டார் பையில் என்னென்ன இருக்கணும்?

தண்டையார்பேட்டை ரிதம்

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஆடி மாசம் காசிமேடு பக்கம் ஒரு அம்மன் கோயில் தெருமேடையில மெல்லிசைக் கச்சேரி. ரெண்டு பாடகர், கீபோர்டு, பேஸ், ரிதம் பேட், தபேலா-டோலக், கூட நான் கிட்டார். சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பிச்சு ராத்திரி 10 வரைக்கும். நடுவுல அரை மணி நேரம் கானா.

சர்ச்சும் கல்யாண மண்டபமும் பழக்கம், தெருமேடை புதுசு. கையில இருக்கிறது இவ்வளவுதான்: 9 வோல்ட் பேட்டரியில ஓடுற ப்ரீஆம்ப் (சிக்னலைத் தூக்கிக் கொடுக்கிற சின்ன சர்க்யூட்) உள்ள ஒரு செமி அகௌஸ்டிக், ஸ்ட்ராட் மாடல் எலக்ட்ரிக் ஒண்ணு, ட்யூனர், ஓவர்டிரைவ் (சத்தத்தைக் கரகரப்பாக்குறது), டிலே (எதிரொலி குடுக்கிறது)ன்னு மூணு பெடல். மூணுக்கும் ஒரே அடாப்டர், அதுலேர்ந்து கிளை பிரியுற வயர். ஆம்ப் கிடையாது, நேரா மிக்ஸருக்குத்தான் போகும். ஷேர் ஆட்டோவுல வரணும், அதனால ரெண்டு கிட்டார், ஒரு தோள்பை, அதுக்கு மேல தூக்க முடியாது. புதுசா வாங்க 5000 ரூபாய் வெச்சிருக்கேன்.

கம்பி அறுந்தா என்ன பண்றது, தெருமேடை கரண்டை எவ்வளவு நம்பலாம், மிக்ஸர்ல நேரா போட்டா ஓவர்டிரைவ் ஏன் தகரத்தைக் கீறுற மாதிரி கேக்குது, இந்த மூணும்தான் முக்கியமான சந்தேகம். பையில என்ன போடணும், என்ன வேண்டாம்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

கொருக்குப்பேட்டை ஆறுகம்பி

தம்பி, கடைக்குப் போறதுக்கு முன்னாடி சத்தம் போற வழியை வரிசையா எழுதிப் பாருங்க. பிக், கம்பி, ஸ்ட்ராப், கிட்டார் ஜாக், கேபிள், பெடல், பெடலுக்கு நடுவுல இருக்கிற குட்டி கேபிள், அடாப்டர், மிக்ஸருக்குப் போற வயர். இதுல ஒண்ணு போனாலும் சத்தம் நின்னுடும். ஒவ்வொண்ணுக்கும் மாத்து இருக்கா, இருட்டுல அதை அரை நிமிஷத்துல எடுக்க முடியுமா, இந்த ரெண்டையும் கேட்டாலே பை தானா நிரம்பும். விலை மலிவா இருந்து அடிக்கடி போறது எதுவோ அதைத்தான் ரெண்டு மூணா வெச்சுக்கணும்.

கம்பியிலேர்ந்து ஆரம்பிக்கலாம். எலக்ட்ரிக்ல இப்ப கம்பி தடிமன் 009-042 இருக்கா 010-046 இருக்கான்னு பார்த்து அதே அளவுல ஒரு முழு செட் வாங்குங்க. அளவு மாறினா ஸ்ட்ராட் பிரிட்ஜோட இழுவை மாறி கிட்டார் மொத்தமா சுதி விலகும். முழு செட்டுக்கு மேல தனிக் கம்பியா முதல் கம்பி (ரொம்ப மெலிசானது) மூணு, ரெண்டாவது ரெண்டு. அகௌஸ்டிக்குக்கும் அப்படித்தான், ஆனா அதுல மூணாவது கம்பியையும் கூடுதலா ஒண்ணு வைங்க. மேல இன்னொரு கம்பி சுத்தின சுத்துக்கம்பிங்கள்ல அதோட உள்கம்பிதான் ரொம்ப மெலிசு, ரிதம் அடிச்சு வாசிக்கிறவங்களுக்கு முதல் கம்பிக்கு முன்னாடியே அது போகும்.

கம்பி எந்த இடத்துல அறுந்ததுன்னு பார்த்தா காரணம் தெரிஞ்சுடும். பிரிட்ஜ் சேடில்ல (கிட்டார் உடம்புல கம்பி உக்காருற இடம்) அறுந்தா அங்க கூர் இருக்கு. 1000 நம்பர் எமரி பேப்பரைச் சின்னதா மடிச்சு அந்தப் பள்ளத்தை நாலஞ்சு தடவை லேசா தேய்ங்க. அதுக்கு மேல தேய்ச்சா பள்ளம் ஆழமாகி கம்பி ஃப்ரெட்டுல (கழுத்துல குறுக்கா பதிச்ச உலோகப் பட்டை) இடிக்கும். சுதி சேர்க்கிற சாவி பக்கம் அறுந்தா சாவித் துளையோட ஓரம் கூரா இருக்கும், இல்லைன்னா ஒரு தடவை கழட்டின கம்பியை அதே மடிப்புல திரும்ப மாட்டியிருப்பாங்க. நடுவுல ஃப்ரெட்டு மேல அறுந்தா அது துரு. காசிமேட்டு காத்துல உப்பு உண்டு. சுத்து இல்லாத முதல் மூணு எலக்ட்ரிக் கம்பி வெறும் எஃகு மேல மெலிசா தகரப் பூச்சு போட்டது, வேர்வையும் உப்பும் சேர்ந்தா அதுதான் முதல்ல சொரசொரப்பாகும்.

கம்பியை நிகழ்ச்சிக்கு முதல் நாளே மாத்திடுங்க. அன்னிக்கே மாத்தினா ரெண்டு பாட்டுக்கு ஒரு தடவை இறங்கிக்கிட்டே இருக்கும். மாத்தும்போது சாவித் தண்டைத் தாண்டி அஞ்சு ஆறு சென்டிமீட்டர் தளர்வு விட்டு முறுக்குங்க, மெலிசான கம்பிக்கு மூணு சுத்து, தடிமனுக்கு ரெண்டு. சுதி சேர்த்ததும் 12வது ஃப்ரெட் பக்கம் விரலால மெதுவா மேல இழுத்து விட்டுட்டு மறுபடி சேர்க்கணும். நாலு தடவை இப்படிப் பண்ணினா நிக்கும். சாவி திருப்பும்போது மேல நட் (கழுத்து முடியுற இடத்துல கம்பி உக்காருற பள்ளக் கட்டை) பக்கத்துல ‘டிக்’குன்னு ஒரு சத்தம் வந்தா கம்பி அந்தப் பள்ளத்துல சிக்குதுன்னு அர்த்தம். பென்சில் கரியை அதுல தேய்ச்சு விட்டாலே போதும்.

கேபிள் ரெண்டு கிட்டாருக்கும் ஒண்ணொண்ணு, மாத்துக்கு ஒண்ணு, ஆக மூணு. நீளம் ஆறு மீட்டருக்கு மேல போகாதீங்க. எலக்ட்ரிக் பிக்கப்பிலேர்ந்து (கம்பி அதிர்வைச் சிக்னலா மாத்துற காந்தச் சுருள்) வர்ற சிக்னல் பலவீனமானது, வயர் நீள நீள மேல் ஸ்தாயி மங்கும், இரைச்சலும் ஏறும். கடையில பாக்ஸுக்குப் போடுற ஸ்பீக்கர் வயரும் அதே ஜாக்கோட தொங்கும், வெளிப்பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஜாக்கோட மூடியைக் கழட்டிப் பாருங்க. நடுவுல ஒரு கம்பியும் அதைச் சுத்தி வலையும் இருந்தா கிட்டாருக்கு. ரெண்டு தனி வயர் பக்கத்துல பக்கத்துல ஓடினா அது ஸ்பீக்கர் வயர், கிட்டார்ல போட்டா ரேடியோ எடுக்கும். வயரை முழங்கையில சுத்தாதீங்க, உள்ள இருக்கிற வலை முறுக்கி அறுந்துடும். ஒரு வளையம் நேரா, அடுத்தது உள்பக்கமா திருப்பி, இப்படி மாத்தி மாத்திச் சுத்தணும். மேடையில கேபிளை ஸ்ட்ராப்புக்குள்ள ஒரு தடவை விட்டு எடுத்து அப்புறம் ஜாக்ல சொருகுங்க. யாராவது வயரை மிதிச்சாலும் ஜாக் பிடுங்கிக்காது.

கிட்டார்ல இருக்கிற ஜாக் நட்டு தளர்ந்திருக்கான்னு வீட்டிலேயே பாருங்க. அது சுத்த ஆரம்பிச்சா உள்ள சால்டர் போட்ட வயர் முறுக்கி அறுந்துடும், மேடையில சரி பண்ணவே முடியாது. நட்டை இறுக்கும்போது உள்பக்கம் ஜாக் திரும்பாம பிடிச்சுக்கணும்.

ஸ்ட்ராப் கழண்டு கிட்டார் விழுறதுக்கு விலையுயர்ந்த லாக் எதுவும் வேண்டாம். ஹார்டுவேர் கடையில மூணு மில்லிமீட்டர் தடிமன் ரப்பர் வாஷர், நடுத்துளை ஸ்ட்ராப் பொத்தானோட தலையைவிடச் சின்னதா இருக்கணும். ஸ்ட்ராப்பை மாட்டின பிறகு வாஷரை இழுத்து மேல மாட்டிட்டா வராது.

மத்த சாமானைச் சுருக்கமா சொல்லிடுறேன். பிக் ஆறு, ரிதமுக்கு 0.73, லீடுக்கு 1 மில்லிமீட்டர். கம்பி முறுக்குற வைண்டர், அதோட வெட்டுறதும் சேர்ந்தது. ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், சின்ன குறடு, உங்க ஸ்ட்ராட் சேடிலுக்குப் பொருந்துற அலன் கீ. அது மாடலுக்கு மாடல் மாறும், வீட்டிலேயே நுழைச்சுப் பார்த்து அந்த ஒண்ணை மட்டும் எடுங்க. நெத்தியில கட்டுற டார்ச். கறுப்புத் துணி டேப் ஒரு உருளை. செலோ டேப் வேண்டாம், வெயில்ல பசை உருகி கேபிள் முழுக்க ஒட்டும். ரெண்டு பழைய பனியன் துணி, ஒண்ணு கைக்கு, ஒண்ணு கம்பிக்கு.

---

வியாசர்பாடி மல்டிமீட்டர்

கம்பி அறுந்தா ஒரு பாட்டு கெடும், கரண்ட் தப்பா இருந்தா உயிர் போகும். அதனால 5000 ரூபாயில முதல் செலவு ஒரு மல்டிமீட்டரும் நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸும்தான். ரெண்டும் எலக்ட்ரானிக் சாமான் விக்கிற ரிச்சி தெருவிலேயே கிடைக்கும்.

தெருமேடைக்கு வர்ற கரண்ட் பெரும்பாலும் மூணு ஃபேஸ், இல்லைன்னா ஜெனரேட்டர். சீரியல் செட், ஃபோகஸ் லைட், சவுண்டு எல்லாம் அதுலேயே ஓடும். இதுல பெரிய ஆபத்து நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற வயர்) தளர்றது. ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல 400 வோல்ட் பக்கம் இருக்கு. நியூட்ரல் நல்லா இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு ப்ளக்குக்கும் 230 வரும். நியூட்ரல் விட்டுப் போனா லோடு அதிகமா இருக்கிற ஃபேஸ்ல வோல்டேஜ் படுத்துடும், லோடு கம்மியா இருக்கிற ஃபேஸ்ல 300-ஐத் தாண்டி ஏறும். அந்த ப்ளக்ல உங்க அடாப்டர் இருந்தா புகைதான்.

அதனால அளந்து பாருங்க. மீட்டரை ஏசி 600 இல்ல 750 வோல்ட் நிலையில வெச்சுட்டுத்தான் அதோட வயர் முனையில இருக்கிற முள்ளை ப்ளக்ல வைக்கணும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 207-லேர்ந்து 253-க்குள்ள இருக்கணும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வரணும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள. ஃபேஸ்-எர்த் பாதியா காட்டினாலோ நிலையில்லாம ஆடினாலோ எர்த் வரவே இல்லைன்னு எடுத்துக்கோங்க. மேடை விளக்கு எல்லாம் போட்ட பிறகு இன்னொரு தடவை அளக்கணும். லோடு ஏறினாத்தான் தளர்ந்த இணைப்பு காட்டிக் கொடுக்கும்.

ரெண்டாவது சோதனை பாடுற மைக்குக்கும் உங்க கிட்டார் கம்பிக்கும் நடுவுல. எல்லாம் ஆன்ல இருக்கும்போது, கையால ரெண்டையும் தொடாம, ஒரு முள்ளு மைக் வலையில, இன்னொண்ணு கம்பியில. ரெண்டும் ஒரே எர்த்ல இருந்தா கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்டணும். அஞ்சு பத்து வோல்ட்டைத் தாண்டினா வாசிக்க ஆரம்பிக்காதீங்க. எர்த் இல்லாத இடத்துல சும்மா அடாப்டர் கசிவே 100 வோல்ட் பக்கம் காட்டும், அது விரல்ல சுருசுருன்னு இருக்கிறதோட போயிடும். ஆனா மீட்டர் காட்டுறது கசிவா, நிஜ ஃபேஸான்னு மேடையில நின்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. உதட்டுக்குப் பக்கத்துல மைக், கையில கம்பி, அந்த நிலைமையில ஊகம் கூடாது. சவுண்டுக்காரர்கிட்ட சொல்லி எர்த்தைச் சரி பண்ணச் சொல்லுங்க. கோரஸ் பாடுறதா இருந்தா மைக்குக்கு ஒரு பஞ்சு உறை கொண்டு போங்க, உதடு உலோகத்துல படாது.

அப்புறம் கோயில் மேடைன்னா செருப்பைக் கழட்டித்தான் ஏறணும். கீழ இரும்புச் சட்டம், தண்ணி தெளிச்ச தரை. காலுக்கு அடியில போட காய்ஞ்ச ரப்பர் மேட் ஒண்ணு சுருட்டி எடுத்துக்கிட்டுப் போங்க. பைக்கு வெளிய கட்டிக்கலாம்.

ப்ளக் எங்க போடணும்? சவுண்டுக்காரரோட மிக்ஸரும் ஆம்ப்ளிஃபையரும் எந்த போர்டுலேர்ந்து எடுக்குதோ அதே போர்டுல ஒரு பாயிண்ட் கேளுங்க. சீரியல் செட் போற லைன்ல போடாதீங்க. ரெண்டு வேற வேற இடத்துல எர்த் எடுத்தா ‘ஊம்ம்’ன்னு 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். அந்த இரைச்சலை நிறுத்த எர்த் பின்னைப் பிடுங்குற பழக்கம் நம்ம ஊர்ல நிறைய பேருக்கு இருக்கு. தயவுசெஞ்சு செய்யாதீங்க. கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏத்த மாதிரி மாத்துற டிஐ பாக்ஸ்ல கிரவுண்ட் லிஃப்ட்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அது சிக்னல் எர்த்தை மட்டும் பிரிக்கும், பாதுகாப்பு எர்த் அப்படியே இருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அஞ்சு மீட்டர், மூணு வயர் உள்ளது. தெருமேடை போர்டுல பல நேரம் 16 ஆம்பியர் பெரிய சாக்கெட் மட்டும்தான் இருக்கும், அதுக்கு ஒரு கன்வர்ஷன் ப்ளக் சேர்த்து வைங்க.

இப்ப பெடல். பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ். கடையில கிடைக்கிற சாதாரண 9 வோல்ட் அடாப்டர், ரவுட்டருக்கு வர்றது எல்லாம் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். ஜாக் ஒரே மாதிரி நுழையும், போட்டா பெடல் ஓடாது, சில பெடல் செத்தே போகும். அடாப்டர் மேல வட்டப் படம் போட்டிருக்கும், அதுல மைனஸ் நடுப்புள்ளிக்குப் போகுதான்னு பார்த்து வாங்குங்க. ஓவர்டிரைவ் 10 மில்லி ஆம்பியருக்குள்ளதான் இழுக்கும், டிஜிட்டல் டிலே மாடலைப் பொறுத்து 50-லேர்ந்து 300 வரைக்கும் போகும். மூணையும் கூட்டி அதுக்கு மேல பாதி சேர்த்தா அடாப்டர் அளவு.

நீங்க சொன்ன கிளை வயர்ல ஒரு சிக்கல் உண்டு. டிஜிட்டல் டிலேயும் ஓவர்டிரைவும் ஒரே வயர்ல இருந்தா டிலேயோட உள் துடிப்பு ஓவர்டிரைவுக்குள்ள புகுந்து ‘கீய்ய்’ன்னு மெலிசா ஒரு ஊளை கேக்கும். அவுட்புட் தனித்தனியா பிரிச்ச பவர் சப்ளை இதுக்கு முழுத் தீர்வு, ஆனா உங்க பட்ஜெட்டை அதுவே தின்னுடும். ஓவர்டிரைவை மட்டும் 9 வோல்ட் பேட்டரியில ஓட்டுங்க, மத்த ரெண்டையும் அடாப்டர்ல விடுங்க. ஊளை நின்னுடும். வாசிக்காத நேரம் அந்தப் பெடலோட இன்புட் ஜாக்கைப் பிடுங்கி வைங்க, ஜாக் உள்ள இருக்கிற வரைக்கும் பேட்டரி ஓடிக்கிட்டேதான் இருக்கும். அகௌஸ்டிக் ப்ரீஆம்ப்பும் அதே மாதிரிதான். ஆக 9 வோல்ட் பேட்டரி மூணு. கிளிப் ட்யூனர் இருந்தா அதுக்கான பட்டன் செல்லு ஒண்ணு, பல மாடல்ல சிஆர்2032.

---

பெரம்பூர் நாலரைக்கட்டை

மேல சொன்னது எல்லாம் சரி. கேப்போவை (எல்லாக் கம்பியையும் ஒரே ஃப்ரெட்ல அமுக்குற கிளிப்) யாரும் சொல்லல. பாடகர் அன்னிக்குத் தொண்டை எப்படி இருக்கோ அப்படிக் கட்டையை (சுதியை) மாத்துவார், கானாவுல இன்னும் அதிகம். “நாலரை எடு”ன்னு சொன்னதும் கை போகணும்.

ஒரு கட்டை சி, ரெண்டு டி, மூணு ஈ, நாலு எஃப், அஞ்சு ஜி, ஆறு ஏ, ஏழு பி. அரைக் கட்டை சேர்ந்தா ஷார்ப். ஒன்றரைக்கு முதல் ஃப்ரெட்ல கேப்போ போட்டு சி ஷேப் (விரல் பிடிக்கிற கார்டு வடிவம்), இல்லைன்னா நாலாவதுல ஏ ஷேப். நாலரைக்கு ரெண்டாவது ஃப்ரெட்ல ஈ ஷேப், நாலாவதுல டி ஷேப். அஞ்சரைக்கு முதல் ஃப்ரெட்ல ஜி ஷேப். ஆறரைக்கு முதல் ஃப்ரெட்ல ஏ, மூணாவதுல ஜி. மைனர் பாட்டுக்கும் ஃப்ரெட் இதேதான், ஷேப்பை மட்டும் மைனரா பிடிக்கணும். மூணரையும் ஏழரையும் கிடையாது, அது நாலும் மேல் ஒண்ணும் ஆயிடும். புதுசா வர்றவங்க அங்கதான் தடுமாறுவாங்க.

கேப்போ ரெண்டு வைங்க, ஒண்ணோட ஸ்பிரிங் எப்ப தளரும்னு தெரியாது. ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டின மாதிரி பின்னாடி போடணும், நடுவுல போட்டா கம்பி வளைஞ்சு சுதி ஏறும். போட்ட பிறகு ஒரு தடவை ட்யூனரைப் பாருங்க, தடிமன் கம்பி ரெண்டும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

பாட்டுப் பட்டியலை ஃபோனை நம்பி வைக்காதீங்க. ஏ4 பேப்பர்ல மார்க்கர் பேனாவால பெரிய எழுத்துல: பாட்டு, கட்டை, கேப்போ ஃப்ரெட், ஷேப், எந்த கிட்டார். பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு, துணி காயப்போடுற கிளிப் நாலு கூட வைங்க. கடல் காத்து அடிச்சா பேப்பர் கூட்டத்துக்குள்ள போயிடும்.

---

தண்டையார்பேட்டை ரிதம்

ரொம்ப நன்றி அண்ணா, கட்டைக் கணக்கை எழுதி எடுத்துக்கிட்டேன். ரப்பர் மேட் எனக்குத் தோணியே இருக்காது. டிஐ பாக்ஸ் சவுண்டுக்காரங்களே கொண்டு வருவாங்களா? எனக்கு ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா? ஓவர்டிரைவ் கேள்வியும் அப்படியே நிக்குது.

---

மிக்ஸர் பக்கம்

டிஐ பாக்ஸ் சின்ன சவுண்டு சர்வீஸ்ல இருக்கும்னு சொல்ல முடியாது. இருந்தாலும் கீபோர்டுக்குப் போயிடும். சொந்தமா ரெண்டு இருந்தா நல்லது, பணம் ஒண்ணுக்குத்தான்னா அதை அகௌஸ்டிக்குக்குப் போடுங்க.

எதுக்கு அது? தெருமேடையில மிக்ஸர் 20, 30 மீட்டர் தள்ளி இருக்கும். கிட்டார் கேபிளை அவ்வளவு தூரம் நீட்டினா வழியில இருக்கிற சீரியல் செட் இரைச்சல் முழுக்க அதுல ஏறும். டிஐ பாக்ஸ் சிக்னலை மைக் வயர் மாதிரி பேலன்ஸ்டா (ஒரே சிக்னல் நேராவும் தலைகீழாவும் ரெண்டு வயர்ல போற மாதிரி) மாத்திடும். ரெண்டு வயர்லயும் ஒரே அளவா ஏறின இரைச்சல் மிக்ஸருக்குள்ள ஒண்ணை ஒண்ணு கழிச்சிடும். உங்க அகௌஸ்டிக்ல ப்ரீஆம்ப் இருக்கிறதால பேட்டரி தேவையில்லாத பேஸிவ் டிஐ போதும். எலக்ட்ரிக்கை வெறுமனே பேஸிவ் டிஐக்குள்ள விட்டா மேல் ஸ்தாயி செத்துடும். அதுக்கு ஆக்டிவ் டிஐ வேணும், அதுக்கு மிக்ஸர்லேர்ந்து 48 வோல்ட் ஃபாண்டம் (மைக் வயர் வழியாவே போற கரண்ட்) போடணும், இல்லைன்னா உள்ள 9 வோல்ட் பேட்டரி. முன்னாடி பஃபர் (பலவீனமான சிக்னலைத் தாங்கிக் கொடுக்கிற சர்க்யூட்) உள்ள பெடல் ஒண்ணு இருந்தா பேஸிவே ஒப்பேத்தும். உங்க பெடல் ஆஃப்ல இருக்கும்போது பவரைப் பிடுங்கிப் பாருங்க. சத்தம் நின்னுட்டா பஃபர், தொடர்ந்து வந்தா ட்ரூ பைபாஸ், அதாவது பஃபர் இல்லை.

ஓவர்டிரைவ் தகரம் மாதிரி கேக்கக் காரணம் பெடல் இல்லை. கிட்டார் ஆம்ப்ல இருக்கிற ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல பெருசா எதையும் வெளிய விடாது. உடைஞ்ச சிக்னல்ல இருக்கிற கரகரப்பு அத்தனையும் அங்க வடிகட்டிப் போயிடும். மேடை பாக்ஸ்ல ஹாரன் (மேல் ஸ்தாயிக்கான ஸ்பீக்கர்) இருக்கு, அது 15 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியும் துல்லியமா பாடும், வடிகட்ட ஆள் இல்லை. டிலேக்கு அப்புறம் கேப் சிமுலேட்டர் (கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கர் மாதிரி வடிகட்டுற) பெடல் ஒண்ணு போட்டா தீர்ந்தது. ஸ்பீக்கர் சிமுலேஷன் உள்ள டிஐ பாக்ஸும் வருது, ஒரே செலவுல ரெண்டு வேலை. அது இல்லைன்னா டிஜிட்டல் மிக்ஸர்ல 5 கிலோஹெர்ட்ஸ்ல ஹை கட் கேளுங்க. சாதாரண அனலாக் மிக்ஸர்னா உங்க சேனல்ல ஹை முழுசா இறக்கி, மிட் கொஞ்சம் இறக்கி, பெடல்ல டோனை ஒன்பது மணி நிலைக்குக் கொண்டு வந்து, கெயினை வீட்டுல வெக்கிறதுல பாதியா வைங்க. அழகா இருக்காது, ஆனா காதைக் குத்தாது.

ஸ்ட்ராட்ல சிங்கிள் காயில் பிக்கப். எல்இடி லைட் டிம்மர் பக்கத்துல நின்னா அது இரையும். அஞ்சு நிலை ஸ்விட்ச்ல ரெண்டாவதும் நாலாவதும் பல கிட்டார்ல இரைச்சலைத் தானே கழிச்சுக்கும், நடு பிக்கப் எதிர்த் திசையில சுத்தியிருந்தா. உங்க கிட்டார்ல அப்படியான்னு வீட்டுல ட்யூப் லைட் பக்கத்துல நின்னு கேட்டுப் பாருங்க.

அகௌஸ்டிக் ஊளையிடுறதுக்கு ரப்பர் சவுண்டுஹோல் மூடி வாங்குங்க, இந்தப் பட்டியல்ல இருக்கிறதுலேயே மலிவான, அதிகமா உதவுற சாமான் அதுதான். கிட்டார் பெட்டியோட சொந்த அதிர்வு 100 ஹெர்ட்ஸ் சுத்து வட்டாரத்துல இருக்கு. மானிட்டர்லேர்ந்து (மேடையில நம்ம பக்கம் திரும்பின ஸ்பீக்கர்) அந்த ஸ்வரம் வந்தா பெட்டி தானா பாட ஆரம்பிச்சிடும். மூடி போட்டு, மிக்ஸர்ல லோ கட் அமுக்கி, ப்ரீஆம்ப்ல ஃபேஸ் பட்டன் (சிக்னலைத் தலைகீழாக்குறது, கரண்ட் ஃபேஸ் இல்லை) இருந்தா அதை மாத்திப் பாருங்க. பெரும்பாலும் நின்னுடும். நிக்கலைன்னா மானிட்டருக்கு நேரா பார்க்காம கொஞ்சம் பக்கவாட்டா திரும்பி நில்லுங்க.

திறந்த வெளியில ராத்திரி 10-லேர்ந்து காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-ல வந்த ஒலி மாசு விதி சொல்லுது. கச்சேரி தாமதமா ஆரம்பிச்சாலும் முடியுற நேரம் மாறாது, அதனால குறையுறது சவுண்டு செக்தான். உங்களுக்கு ரெண்டு நிமிஷம்தான் கிடைக்கும்னு வெச்சுக்கோங்க. நீங்க வாசிக்கப் போறதுலேயே சத்தமான இடத்தை முதல்ல வாசிங்க, அப்புறம் மெதுவானது. ஓவர்டிரைவ் போட்டா சத்தம் ரெண்டு மடங்கு எகிறாம வீட்டிலேயே லெவல் சமமா வெச்சுட்டு, குமிழ் நிலையை டேப் ஒட்டிக் குறிச்சு வைங்க. கிட்டார் மாத்தும்போது ட்யூனர் பெடலை மிதிச்சு மியூட் பண்ணின பிறகுதான் ஜாக்கைப் பிடுங்கணும். அந்த ‘டப்’ சத்தம் ஹாரனைக் கொல்லும்.

காதுக்கு ஒரு ஜோடி பிளக். 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் வரைக்கும்தான் பாதுகாப்புன்னு கணக்கு, மூணு டெசிபல் ஏறினா நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குப் பதினஞ்சு நிமிஷம்தான். டோலக் பக்கத்துல நின்னு மூணரை மணி நேரம் வாசிக்கப் போறீங்க.

---

கொருக்குப்பேட்டை ஆறுகம்பி

மாத்து கிட்டாரைப் பத்தி ஒண்ணு. மூணாவது கிட்டார் கொண்டு வான்னு சிலர் சொல்வாங்க, உங்களுக்கு வேண்டாம். ரெண்டு கிட்டாரும் ஒரே நேரத்துல தனித்தனி சேனல்ல சொருகித் தயாரா இருந்தா ஒண்ணுக்கு ஒண்ணு மாத்துதான். எலக்ட்ரிக்ல கம்பி அறுந்தா மியூட் பண்ணிட்டு அகௌஸ்டிக்கை மாட்டிக்கோங்க. அதுக்குத்தான் ஸ்டாண்டு ரெண்டு கேட்டு வாங்கணும், மேடையில சாய்ச்சு வெச்ச கிட்டார் விழுந்தே தீரும்.

ஆனா ஸ்ட்ராட்ல ஒரு கம்பி அறுந்தா மத்த அஞ்சும் சேர்ந்து சுதி ஏறிடும். பின்னாடி ஸ்பிரிங் இழுக்க, முன்னாடி கம்பி இழுக்க, ரெண்டும் சமமா நிக்கிற பிரிட்ஜ் அது. ஒரு கம்பி போனதும் ஸ்பிரிங் ஜெயிச்சிடும். டிரெமலோ கம்பி (பிரிட்ஜை ஆட்டுற கைப்பிடி) பயன்படுத்தலைன்னா பிரிட்ஜைக் கட்டிப் போட்டுடுங்க. பின் மூடியைக் கழட்டி, பிரிட்ஜோட உலோகக் கட்டைக்கும் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற பக்கத்து மரச்சுவருக்கும் நடுவுல ஒரு மரத்துண்டை அளவா சீவி இறுக்கமா வைங்க. பிரிட்ஜ் தட்டு உடம்புல படியாம மிதந்தா அந்த இடைவெளியும் கெட்டிப்பட்டுடும். அப்புறம் ஒரு கம்பி அறுந்தாலும் பாட்டை முடிக்கலாம். முதல் கம்பிதான் போச்சுன்னா ரிதமுக்கு ரெண்டு, மூணு, நாலாவது கம்பியிலேயே கார்டு முழுசா கிடைக்கும்.

ஆட்டோவுல போகும்போது பின் சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற இடத்துல கிட்டாரைப் படுக்க வைக்காதீங்க. அதுக்குக் கீழதான் இன்ஜின். அகௌஸ்டிக்ல பிரிட்ஜை ஒட்டியிருக்கிற பசை 60 டிகிரி பக்கம் இளக ஆரம்பிக்கும், கம்பி இழுவையில பிரிட்ஜ் தூக்கிக்கும். முழங்காலுக்கு நடுவுல நிமிர்த்திப் பிடிச்சுக்கிட்டு வாங்க. ஆடியில சாயங்கால இடி மழை திடீர்னு வரும், கிட்டார் பைக்கு மேல போட பெரிய பிளாஸ்டிக் உறை ரெண்டு மடிச்சு வைங்க. பெடலை மூட இன்னொண்ணு. மழை தூறினா முதல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ப்ளக்கைப் பிடுங்கணும், பெடலை மூடுறது அப்புறம்.

---

தண்டையார்பேட்டை ரிதம்

பை எடுத்து அடுக்கிட்டேன். கடைசியா ஒண்ணு: முடிஞ்ச பிறகு கம்பியில எண்ணெய் ஏதாவது தடவணுமா? வீட்டுல டபிள்யூடி-40 இருக்கு.

---

கொருக்குப்பேட்டை ஆறுகம்பி

அதைக் கம்பியிலயும் போடாதீங்க, வால்யூம் குமிழ்லயும் அடிக்காதீங்க. ஃப்ரெட்போர்டுல இறங்கி அழுக்கைப் பிடிச்சு வைக்கும். குமிழ் கரகரன்னா கான்டாக்ட் கிளீனர்தான். மேடையை விட்டு இறங்கினதும் காய்ஞ்ச துணியைக் கம்பிக்கு அடியில நுழைச்சு மேலயும் கீழயும் இழுத்துத் துடைங்க, பிரிட்ஜ் ஸ்க்ரூவையும் ஸ்ட்ராப் பொத்தானையும் சேர்த்து. கேபிள் ஜாக்கையும் அதே துணியால. ரெண்டு பேட்டரியையும் கழட்டிடுங்க. வீட்டுக்குப் போனதும் எவ்வளவு அசதியா இருந்தாலும் பையைத் திறந்து ஈரத் துணியை மட்டும் வெளிய எடுத்துப் போட்டுட்டுப் படுங்க. உப்பு வேர்வையோட அது உள்ள கிடந்தா பிரிக்காத கம்பி பாக்கெட்டைத் தவிர மத்த எல்லாத்துலயும் துரு ஏறும்.